மூன் கிளிப்பில் ஒரு சந்தனப் பொட்டு

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். கெல்லிவில்லில் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் மகள். நான் ஓய்வுபெற்ற இடத்தில் இப்போது வேலை செய்கிறாள். என்னை அவள் பார்த்ததில்லை. அலுவலகத்தில் கேட்டு என் இலக்கத்தை வாங்கியிருக்கிறாள்.

“அங்கிள், இங்க சுவர்ல ஒரு போர்டு இருக்கு. கிளிப்ல எண்ணெய் கூடாது, பெயின்ட் கூடாது, சந்தனம் கூடாதுன்னு எழுதியிருக்கு. சந்தனம் எதுக்கு அங்கிள்? யாரைக் கேட்டாலும் உங்களைக் கேக்கச் சொல்றாங்க.”

“அது கொஞ்சம் பெரிய கதை பிள்ளை. எழுதி அனுப்புறன்,” என்றேன்.

எங்கள் மூத்தோர் சங்க மலரின் ஆசிரியரும் ஒரு கட்டுரை கேட்டு நெடுநாளாக நச்சரிக்கிறார். வேலை செய்து களைத்தவர்கள் எல்லோரும் அந்த வேலையைப் பற்றி எழுதவேண்டுமாம். ஆகவே இதையே இரண்டு பேருக்கும் அனுப்புகிறேன். சங்கத்தில் சிலர் இதை வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் விடலாம். அதையும் ஏற்றுக்கொள்ளவேண்டியதுதான்.

ஏனென்றால் சங்கத்தில் பலருக்கு நான் ‘ஸ்பெயர் பார்ட்ஸ்’ விற்கும் இடத்தில் வேலை செய்தவன். அது நானே பரப்பிய கதை. உண்மையில் நான் வேலை செய்தது சிட்னியின் மேற்குப் புறத்தில் உள்ள ஒரு துப்பாக்கிச் சுடும் கழகத்தில். என் தொழில், ரிவோல்வருக்கான மூன் கிளிப்புகளில் ரவைகளை மாட்டுவதும் கழற்றுவதும். ரவை என்று நாங்கள் சொல்வதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் தோட்டா என்று எடுத்துக்கொள்ளவும், உப்புமா கிண்டவேண்டாம். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவர்கள் நிறைந்த ஒரு கலியாண மண்டபத்தில், சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் ரவை மாட்டுறனான்” என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கதிரைகள் காலியாகிவிடும். ஒருமுறை ஒருவர் தன்னுடைய டொயோட்டாவுக்குப் பிரேக் பாட் சலுகை விலையில் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். கடையில் முழு விலைக்கு வாங்கி, சலுகை விலைக்கு அவரிடம் கொடுத்தேன். பொய்யைக் காப்பாற்றச் செலவு உண்டு.

இந்த வேலைக்கு நான் தேடிப் போகவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கிட்டங்கி மூடப்பட்டதும், வேலை எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரன் ‘சுத்தம் செய்யும் வேலை’ என்று சொல்லி என்னை அங்கே அனுப்பினான். எதைச் சுத்தம் செய்வது என்று அவன் சொல்லவில்லை. உள்ளே போனபோது ஒரு வெள்ளைக்கார அம்மா உயரமான ஸ்டூலில் இருந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காது மூடி கழுத்தில் தொங்கியது. அவர்தான் ஜோய்ஸ். சுடும் களத்தின் பொறுப்பாளர், பிறகு எனக்கு ஓய்வு வரும்வரை மேலாளர். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். எந்த மொழியில் பேசியிருந்தாலும் அவர் சுருக்கமாகத்தான் பேசியிருப்பார்.

“துப்பாக்கியைக் கையாண்ட அனுபவம் உண்டா?” என்று கேட்டார்.

“நான் துப்பாக்கி பிடித்ததில்லை. துப்பாக்கி பிடித்தவர்கள் என்னைப் பிடித்திருக்கிறார்கள்.”

அன்றைய என் ஆங்கிலத்தில் அது இவ்வளவு நேர்த்தியாக வந்திருக்காது. ஆனாலும் அவருக்கு விளங்கியது.

“பயமா?”

“ஓம்.”

“நல்லது. பயமில்லாதவர்களை அனுப்பி அனுப்பி அந்த ஏஜென்சிக்காரன் என்னைக் களைக்கவைத்துவிட்டான்.”

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதலில் கூட்டினேன். பிறகு இலக்குப் பலகைகளுக்குக் கடதாசி ஒட்டினேன். ரவைகளைத் தொடுவதற்குக் காவல்துறையின் அனுமதி தேவைப்பட்டது. நான் இதுவரை வாழ்ந்த விலாசங்களை எல்லாம் எழுதும்படி விண்ணப்பம் கேட்டது. இடம்பெயர்ந்தவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. ஜோய்ஸ் மேலதிகத் தாள்களை ஒட்டி ஒட்டி அனுப்பினார். அனுமதி வருவதற்குள் களத்தை நான் எத்தனையோ தரம் கூட்டிவிட்டேன். வந்தபோது, வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் அந்த அனுமதி அட்டையை வைத்துக் கும்பிட்டேன். அது இல்லாவிட்டால் எனக்கு அந்த இடத்தில் வேலை இல்லை.

இனித் தொழிலுக்கு வருகிறேன். ரிவோல்வரில் ஒரு சுழலும் உருளை இருக்கும். அதில் ஆறு துளைகள். விசையை இழுக்க இழுக்க உருளை சுழன்று அடுத்த ரவையை, அதை அடிக்கும் சுத்தியலுக்கு முன்னால் கொண்டுவரும். ஒவ்வொரு ரவையாகப் போட்டுக்கொண்டிருந்தால் போட்டி முடிந்துவிடும். அதற்காகத்தான் மூன் கிளிப். ஐம்பது சத நாணயக் குற்றி அளவில் ஒரு மெல்லிய உருக்குத் தகடு. விளிம்பைச் சுற்றி ஆறு பிறை வடிவ வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு ரவையின் அடிப்பாகம் கவ்விக்கொண்டு நிற்கும். ஆறு ரவைகளையும் தகட்டோடு ஒரே தள்ளலில் உருளைக்குள் போடலாம். சுட்டு முடிந்ததும் ஆறு வெற்றுக் கோதுகளும் தகட்டோடு ஒன்றாக வெளியே வந்துவிடும்.

சுடுகிறவருக்கு இது வசதி. வசதியின் மறுபக்கத்தில் ஒருவன் இருந்து அந்தத் தகட்டில் ரவைகளை மாட்டவேண்டும், கோதுகளைக் கழற்றவேண்டும். அது நான்.

மாட்டுவதற்குக் குறடு மாதிரி ஒரு கருவி உண்டு. அது வருவதற்கு முன் பெருவிரல்தான். புதுத் தகடு விறைப்பாக இருக்கும். விரலின் தோலைத்தான் முதலில் கழற்றும். கழற்றுவதற்கு ஒரு பக்கம் வெட்டப்பட்ட சிறு குழாய். அதைக் கோதின் மேல் செருகி, வெளிப்பக்கமாக ஒரு திருகு. டக்கென்று கழன்றுவிடும். வரிசையாகக் கழற்றக்கூடாது. கார்ச் சில்லின் நட்டுகளை இறுக்குவது போல ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்ததாகக் கழற்றவேண்டும். இல்லாவிட்டால் தகடு வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது. உருளைக்குத் தெரியும். தகட்டுக்கும் துப்பாக்கியின் பின்சுவருக்கும் இடையில் உள்ள இடைவெளி ஒரு கடதாசி போகிற அளவுதான். அங்கே ஏதாவது தடித்திருந்தால் உருளை சுழலாமல் இறுகி நின்றுவிடும். உள்ளே உயிருள்ள ரவைகளோடு, திறக்கவும் முடியாமல், சுடவும் முடியாமல்.

ஆகவே ஜோய்சிடம் ஒரு கண்ணாடித் துண்டு இருந்தது. கழுவிய தகடு ஒவ்வொன்றையும் அதில் வைத்து விளிம்பைச் சின்னவிரலால் அழுத்துவார். ஆடினால் டிக் டிக் என்று கேட்கும். கேட்டால் அந்தத் தகட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒன்றும் சொல்லமாட்டார். நல்லது என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. நான் இருந்த காலம் முழுவதும் அவர் என்னைப் பாராட்டியது, கண்ணாடியில் வைத்த தகட்டை எடுத்து மற்றவற்றோடு போட்டதுதான். அந்தச் சத்தத்துக்காக நான் மிகவும் கவனமாக வேலை செய்தேன்.

அவருக்கு இன்னொரு பழக்கம். யாரிடம் எதைச் சொல்வதென்றாலும் முதலில் பெயரைச் சொல்வார். பிறகு ஒரு மூச்சு விடுவார். அதன் பிறகுதான் விஷயம். “நேதன்.” ஒரு மூச்சு. “கதவைப் பூட்டு.” சிவநாதன் என்ற முழுப் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை, நேதன் என்று வெட்டிக்கொண்டார். ஏன் இப்படி விட்டு விட்டுப் பேசுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“இங்கே எல்லோர் கையிலும் ஏதாவது இருக்கிறது. திடுக்கிட வைக்கக்கூடாது,” என்றார்.

கழுவும் வேலை என்னிடம் வந்தது இப்படி. களத்தில் வைத்திருந்த கழுவும் திரவம் என் கைகளைப் பொக்களிக்க வைத்தது. வெறும் தகடுகளைக் குவேக்கர்ஸ் ஹில்லில் உள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோய், கராஜில் சவர்க்காரத் தண்ணீரில் கழுவ ஜோய்ஸ் அனுமதித்தார். ரவையோ கோதோ ஒன்றுகூட வாசலைத் தாண்டக்கூடாது. வெறும் தகடு மட்டும். கழுவி, உலர்த்தி, நானே ஒரு கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்து, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கிக் காலையில் கொண்டுபோவேன். களத்துக்குச் சொந்தமான தகடு என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் நிறப் பூச்சு ஒரு பொட்டுப் போல இருக்கும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நவராத்திரி. சரஸ்வதி பூசை வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் சனிக்கிழமை கழகத்தில் மாதாந்தப் போட்டி. என் மனைவி வதனி குசினிக்குப் பக்கத்துச் சாமியறையில் கும்பம் வைத்து, பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினாள்.

“இஞ்சாருங்கோ, உங்கட வேலைச் சாமான் ஒண்டும் வைக்கேல்லையோ? பிள்ளையளின்ர கொம்பியூட்டர் வைச்சாச்சு. கார்த் திறப்பும் வைச்சாச்சு.”

“அந்த பிஸ்கட் டின்னை வையும். திறக்க வேண்டாம். எல்லாம் பாத்து அடுக்கினது.”

“ஓம் ஓம்.”

எங்கள் வீட்டில் ஒரு ‘ஓம்’ என்றால் சம்மதம். இரண்டு ‘ஓம்’ என்றால் நீங்கள் சொல்வதைச் சொல்லுங்கள், நடப்பது நடக்கும் என்று அர்த்தம். கலியாணம் கட்டி இத்தனை வருடமாகியும் அன்று அதைக் கவனிக்காமல் நான் குளிக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலை வெயிலும் கூட்டமும். நான் சுடும் வரிசைக்குப் பின்னால் என் மேசையில் இருந்து டின்னைத் திறந்து, வீட்டிலேயே பார்த்த தகடுகள்தானே என்று மறுபடி பார்க்காமல் ரவைகளை மாட்டத் தொடங்கினேன். தகடுகளில் மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் எப்போதும் தெரிவதுதான். குங்குமமும் வைத்திருந்தால் நான் உடனே பிடித்திருப்பேன். ஏன் வைக்கவில்லை என்று பிறகு வதனியைக் கேட்டேன். அவ்வளவு சின்னச் சாமானில் குங்குமம் நிற்காதாம்.

ரொன் என்று ஓர் அங்கத்தவர் இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். பெரிய உடம்பு, மென்மையான குணம். யாரையாவது இடித்துவிட்டால் கதிரையாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்பார். அவர் என்னிடம் ஒரு கிளிப்பை வாங்கி உருளைக்குள் தள்ளி மூடினார். மூடக் கொஞ்சம் கஷ்டமாக இருந்ததாம். ரயில் கதவு இறுகினால் செய்வதைப் போல ஓர் அழுத்து அழுத்தினாராம். முதலாவது வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு விசை அசையவில்லை.

இந்த இடத்தில் செய்யவேண்டியது எல்லோருக்கும் கற்பிக்கப்பட்ட ஒன்று. துப்பாக்கியின் வாய் முன்னால் உள்ள மண்மேட்டைப் பார்த்தபடியே இருக்கவேண்டும். விரலை விசையிலிருந்து எடுக்கவேண்டும். மற்றக் கையை உயர்த்திக்கொண்டு அப்படியே நிற்கவேண்டும். ரொன்னுக்கும் இது தெரியும். ஆனால் ஒரு சாமான் வேலை செய்யாவிட்டால் மனிதன் அதைத் தந்தவனிடம் திருப்பிக் காட்டத்தான் பார்ப்பான்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

“நேதன், பார். இழுபடவில்லை,” என்று சொல்லிக்கொண்டே விசையை இழுத்துக் காட்டினார்.

துப்பாக்கியின் வாய் என் வயிற்றுக்கு நேரே நின்றது. அந்த வட்டத்தை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். ஊரில் இருந்தபோது இப்படி ஒரு நேரம் வந்தால் விழுந்து படுப்பதற்கு உடம்பு தானாகவே பழகியிருந்தது. சிட்னிக்கு வந்து அந்தப் பழக்கம் போய்விட்டது போலும். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, வதனி பின்னேரம் பிள்ளைகளை ட்யூஷனுக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று நினைத்தேன். ரொன் இன்னொருதரம் இழுத்தார். விரலின் நுனி வெளுக்கும் அளவுக்கு இழுத்தார். விசை அசையவில்லை.

“ரொன்.”

ஜோய்சின் குரல். கத்தவில்லை. சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிற குரல். பிறகு ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் எனக்கு வயது போய்விட்டது.

“மண்மேட்டைப் பார்.”

ரொன் திரும்பினார். திரும்பியபிறகுதான் அவருக்குத் தான் செய்தது என்னவென்று விளங்கியது. பின்னங்கழுத்து சிவந்தது. ஜோய்ஸ் போய் அவர் கைக்கு மேல் தன் கையை வைத்து, அவர் விரலை விசையிலிருந்து எடுத்து, துப்பாக்கியைத் தன் கைக்கு மாற்றினார். வாய் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்க, உருளையைத் திறக்கும் தாழை ஒரு பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். மற்றக் கையால் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்து உருளையின் பக்கத்தில் தட்டினார். கதவைத் தட்டுவது போல மெதுவாக. நாலைந்து தட்டில் உருளை வெளியே வந்தது. கிளிப்பை எடுத்து என் மேசையில் வைத்தார். இரண்டு கோதுகள், நான்கு உயிருள்ள ரவைகள். தகட்டின் பின்புறத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு, பாதி உதிர்ந்து, உருளையின் பின்னால் உள்ள நட்சத்திர வடிவத் துண்டுக்குக் கீழேயும் தூளாகப் போயிருந்தது. வதனி கடைச் சந்தனத் தூளைப் பன்னீர் விட்டுக் குழைத்தால் அது காய்ந்தபிறகு சீமெந்துதான்.

ஜோய்ஸ் அதை நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார்.

“நேதன். இது என்ன?”

“சந்தனம்.”

“எதற்கு?”

“தொழில் செய்யும் கருவிகளுக்கு வருடத்தில் ஒருநாள் வைத்துக் கும்பிடுவோம். மனைவி வைத்திருக்கிறாள்.”

“எல்லாவற்றிலுமா?”

டின்னைத் திறந்து காட்டினேன். வதனி ஒன்றையும் குறை வைக்கவில்லை.

அன்று போட்டி நிறுத்தப்பட்டது. வந்தவர்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். விதிப்படி ஜோய்ஸ் கழகக் குழுவுக்கு அறிவிக்கவேண்டும். குழு விசாரித்துக் காவல்துறைக்கு எழுதவேண்டும். ‘ஊழியர் ஒருவர் உபகரணத்தில் அந்நியப் பொருளைச் சேர்த்தார்’ என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரி வந்தால் என் அனுமதி போய்விடும். பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்று உள்ள ஒருவனுக்கு அந்த அட்டை இரண்டாம் முறை கிடைக்குமென்று எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக் கடன் பாதிகூட முடியவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். எனக்குப் பயமாக இருந்தது. இந்தக் கட்டுரையில் அதை மறைத்து எழுத ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து வதனியிடம் கேட்டேன்.

“நீர் அந்த டின்னைத் திறந்தனீரோ?”

“ஓம்.”

“திறக்க வேண்டாமெண்டு சொன்னனான் எல்லோ?”

“மூடின டின்னுக்குப் பொட்டு வைச்சா அது டின்னுக்குத்தானே போகும்.”

துப்பாக்கி இறுகி நின்றதையும், விசாரணை வரப்போவதையும் சொன்னேன். அது யாரைப் பார்த்து நின்றது என்று சொல்லவில்லை.

“எப்ப விசாரணை?” என்று கேட்டாள்.

“புதன்கிழமை.”

“நானும் வாறன். வைச்சது நான். நான்தான் சொல்லோணும்.”

“அங்கை நீர் வந்து என்ன செய்யப்போறீர்?”

“ஓம் ஓம்,” என்றாள்.

புதன்கிழமை சேலை உடுத்திக்கொண்டு காரில் ஏறினாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே உளுந்து வடை. “முதல்முதலா ஒரு இடத்துக்குப் போறம். வெறுங்கையோடை போறதோ?” என்றாள். என் வேலையைப் பறிக்கப்போகிறவர்களுக்கு வடையோடு போன குடும்பம் எங்களுடையதுதான்.

கழக அறையில் தலைவரும் இரண்டு அங்கத்தவர்களும் நீண்ட மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். இந்தப் பக்கம் ஜோய்ஸ், ரொன், நான், வதனி. வடைப் பெட்டி மேசைக்கு நடுவில். தலைவர் விசாரணையைத் தொடங்குவதற்கு முன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டார். பிறகு அதைக் கீழே வைக்கவும் முடியாமல், வாயில் வடையோடு ரொன்னைப் பேசச் சொன்னார்.

ரொன் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார். தான் திரும்பியது பிழை, இழுத்தது அதைவிடப் பிழை, நேதன் நல்ல மனிதர் என்றார். சொல்லும்போது குரல் உடைந்தது. அவர் மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அத்தோடு போய்விட்டது.

பிறகு தலைவர் வதனியைப் பார்த்தார். அவளுக்கு ஆங்கிலம் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போதும். விசாரணைக்குப் போதாது என்று அவளே சொன்னாள். ஆகவே நான் மொழிபெயர்த்தேன். குற்றம் சாட்டப்பட்டவனே மொழிபெயர்ப்பாளனாகவும் இருந்த விசாரணை அது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“அது துப்பாக்கியில் போடும் சாமான் என்று அவருக்குத் தெரியுமா?” என்று தலைவர் கேட்டார்.

“தெரியும். அதாலைதான் வைச்சனான்,” என்றாள் வதனி.

இதை அப்படியே சொன்னால் என் அனுமதி இந்த மேசையிலேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. தெரியாமல் வைத்தாள், அலங்காரத்துக்கு வைத்தாள் என்று ஏதாவது சொல்லலாம். அறையில் தமிழ் தெரிந்த வேறு ஒருவரும் இல்லை. வதனி என் முகத்தைப் பார்த்தாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஏன்?”

வதனி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். “என்ர தம்பி ஒரு சன்னத்திலை போனவன். சந்தைக்குப் போன பிள்ளை. அவனைச் சுட வந்தவையும் இல்லை. ஆரையோ சுட்டது அவனிலை பட்டது. இந்தத் தகட்டிலை மாட்டுற ஒண்டும் ஒருத்தரிலையும் படக்கூடாதெண்டு கும்பிட்டுத்தான் ஒவ்வொண்டுக்கும் வைச்சனான்.”

மைத்துனன் எப்படிப் போனான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை. அன்று அவள் அதை முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் சொன்னாள், நான் அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டியிருந்தது.

பிறகு ஜோய்ஸ் தலைவரின் பெயரைச் சொன்னார். ஒரு மூச்சு விட்டார்.

“ரொன் விசையை இரண்டு தடவை இழுத்தார். நான் பார்த்தேன். துப்பாக்கி நேதனின் இந்த இடத்தைப் பார்த்து நின்றது.” தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “உள்ளே நாலு ரவை. வெடிக்கவில்லை. இந்த அம்மா வைத்ததால் வெடிக்கவில்லை.”

“ஜோய்ஸ், இவர் வைத்ததால்தானே அது இறுகியது? இறுகியதால்தானே ரொன் திரும்பினார்?” என்றார் தலைவர்.

“ஆம். அதனால்தான் திரும்பினார். அதனால்தான் வெடிக்கவும் இல்லை. எழுதுவதென்றால் இரண்டையும் எழுதுங்கள்.”

தலைவர் நெடுநேரம் யோசித்தார். இரண்டையும் எழுதினால் காவல்துறையில் வாசிக்கிறவர் என்ன நினைப்பார் என்று அவர் யோசித்திருக்கவேண்டும். கடைசியில் எழுதியது இதுதான்: தகடுகளைச் சுத்தம் செய்யும் முறையில் குறை இருந்தது, அது திருத்தப்பட்டது. ரொன் மறுபடியும் பாதுகாப்பு வகுப்புக்குப் போகவேண்டும். இனி ஒரு தகடும் வீட்டுக்குப் போகக்கூடாது. மாட்டுவதற்குச் சற்று முன்னால் மறுபடியும் கண்ணாடியில் பார்க்கவேண்டும். என் அனுமதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தச் சுவர்ப் போர்டு அதற்குப் பிறகு வந்தது, அதோடு களத்தின் மஞ்சள் பூச்சும் நின்றுவிட்டது. ஜோய்ஸ் எழுந்து, ஒரு வடையைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுடும் வரிசையைக் கூட்டவேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கூட்டி முடியும்வரை வதனி காரில் இருந்தாள். பிறகு வீட்டுக்குப் புறப்பட்டோம். வேலை தப்பிவிட்டது, சந்தோசப்படவேண்டும். ஆனால் நான் காரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினேன். பிரதான வீதியில் சிவப்பு விளக்கு விழுந்தது.

“அந்த மனுசன் துவக்கை உங்கட வயித்துக்கு நேரை பிடிச்சதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று வதனி கேட்டாள்.

“உமக்கு விளங்கினதோ?”

“அந்த அம்மா உங்கட பேரைச் சொல்லித் தன்ர வயித்தைத் தொட்டுக் காட்டினவ. அதுக்கு இங்கிலீசு வேணுமோ?”

அவளைச் சமாதானப்படுத்துவதற்காக, “ஒருத்தரிலையும் படக்கூடாதெண்டு நீர் கும்பிட்டது பலிச்சிட்டுதுதானே,” என்றேன்.

“அது அங்கை இருந்தவைக்குச் சொன்னது.” வெற்றுப் பெட்டியின் மூடியை அவள் திறந்து திறந்து மூடினாள். “ஊரிலை இருக்கேக்கை எல்லாருக்குமெண்டு கேட்டுக் கேட்டுப் பாத்தனான். ஒண்டும் நடக்கேல்லை. இஞ்சை வந்து நான் உங்களுக்கு மட்டும்தான் கேட்டனான்.”

விளக்கு பச்சைக்கு மாறியிருக்கவேண்டும். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடிக்கும்வரை நான் காரை எடுக்கவில்லை.